ஆள் சரியில்லையா, இடம் சரியில்லையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கீழ் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவர் வேறு பிரிவில் ரொம்ப நல்ல பெயர் எடுத்தவர், நானே கேட்டு வாங்கினேன். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை மந்தம், தப்பும் அதிகம். கூப்பிட்டுப் பேசினேன், சம்பளமும் கூட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தார், திரும்பவும் பழையபடி ஆகிவிட்டார். ஆளை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே நன்றாகச் செய்தவர் இங்கே வந்து மந்தமாகிவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆள் அதே ஆள், அனுபவம் அதே அனுபவம். மாறியிருப்பது இடம்தான். அப்படியிருக்க, ஆளை மாற்றினால் எப்படிச் சரியாகும்? அடுத்து வருபவரும் அதே நாற்காலியில்தான் உட்காரப் போகிறார்.

ஒரு நாள் உங்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். மேற்பார்வை பார்க்க வேண்டாம், சும்மா கவனியுங்கள். அவருக்கு எத்தனை பேரிடமிருந்து வேலை வருகிறது? இரண்டு பேர் ஒரே நேரத்தில் 'இதுதான் அவசரம்' என்று சொன்னால் யார் சொன்னதை முதலில் எடுப்பது என்று அவருக்குத் தெரியுமா? ஒரு சின்ன முடிவுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? பழைய பிரிவில் அவரே முடிவெடுத்துச் செய்த வேலைகளில் எத்தனைக்கு இங்கே உங்கள் கையெழுத்து வேண்டியிருக்கிறது? கடைசிக் கேள்வி உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். ஆனால் இருபது வருடம் ஆட்களோடு வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கும்.

ராபர்ட் காரசெக் என்கிற ஆய்வாளர் 1979-ல் சொன்ன விஷயம் எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஒருவரைச் சாய்த்துவிடாது. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமையும் இல்லை என்கிறபோதுதான் ஆள் நொடிந்து போகிறார். அதே அளவு வேலையை, தன் கையில் பிடி இருக்கும் இடத்தில் கொடுத்துப் பாருங்கள், அதைச் செய்துகொண்டே வளர்வார். லண்டனில் 10,308 அரசு ஊழியர்களை 1985-லிருந்து பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது, மைக்கேல் மார்மட் தலைமையில் நடந்தது. தன் வேலையின் மேல் தனக்குப் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அதில் பார்த்தார்கள். நீங்கள் மந்தம் என்று பார்ப்பது அவர் உடம்பிலும் சேர்ந்துகொண்டே போகிறது, அதையும் யோசியுங்கள்.

சம்பளம் கூட்டியும் ஒரு மாதம்தான் நின்றது என்றீர்களே, அதில் ஆச்சரியம் இல்லை. ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்கிற உளவியலாளர் 1950-களில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறக்குறைய 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துப் பேசினார். மனம் வெறுத்துப்போன நேரங்களைப் பற்றிக் கேட்டால் நிர்வாகம், மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் என்று சொன்னார்கள். உற்சாகமாக இருந்த நேரங்களைக் கேட்டால் தான் முடித்துக் காட்டிய வேலை, அதற்குக் கிடைத்த மதிப்பு, வேலையின் ருசி என்று வேறு பட்டியல் வந்தது. அவர் கேட்ட முறையில் குறை உண்டு என்று பிறகு பலர் சொன்னார்கள், நல்லதற்குத் தன்னையும் கெட்டதற்கு அடுத்தவரையும் காரணம் காட்டுவது மனித இயல்புதானே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும் சம்பளக் குறையைச் சரிசெய்தால் அந்தக் குறை மட்டும்தான் சரியாகும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

அந்த ஒரு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகும் 'இல்லை, ஆள்தான் சரியில்லை' என்று தோன்றினால் அப்புறம் முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீசில் தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்கிவிட்டார்கள். 'எல்லோரும் கலந்து பழக வேண்டும்' என்பது காரணம். என் பின்னால் ஃபோனில் பேசுகிற பிரிவு. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் தலை சுற்றுகிறது. 'சத்தத்தைப் பழகிக்கொள்' என்கிறார்கள். பழகுமா?

பதில்: இயந்திரத்தின் ஒரே மாதிரியான இரைச்சல் ஓரளவு பழகும். பேச்சு சுலபத்தில் பழகாது. காரணம், பேச்சைக் காதில் வாங்காமல் இருப்பது நம் கையில் இல்லை. புரிகிற மொழியில் யாராவது பேசினால் மூளை அதன் பின்னால் ஓடும், நீங்கள் எழுத வைத்திருந்த வாக்கியம் நழுவிவிடும். ஃபோன் பேச்சு இன்னும் மோசம். 2010-ல் ஒரு பரிசோதனையில், இரண்டு பேர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட ஒருவர் பக்கப் பேச்சை மட்டும் கேட்பது கவனத்தை அதிகமாகக் கெடுப்பதைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார் என்று நம்மை அறியாமலே ஊகித்துக்கொண்டிருப்போம். ஆக உங்கள் தலை சுற்றுவதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

கலந்து பழகுவதற்காகத் தடுப்பை எடுத்தார்கள் என்றீர்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஹாலாக மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் கழுத்தில் சின்னக் கருவியை மாட்டி, யார் யாரோடு எவ்வளவு நேரம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துபோனது. மின்னஞ்சல் கூடியது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. நாலு பேர் பார்க்கிற இடத்தில், நாலு பேர் கேட்கிற இடத்தில், மனம் விட்டு எதைப் பேசுவது? காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பக்கத்து மேசைக்காரருக்கே மெசேஜ் அனுப்புவோம்.

தடுப்பைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டால் நடக்காது என்று நினைக்கிறேன், அதற்குச் செலவு செய்துவிட்டார்கள். அதனால் சின்னதாகக் கேளுங்கள். ஃபோன் பிரிவையும் எழுதுகிற பிரிவையும் ஹாலின் இரண்டு முனைக்கு மாற்றச் சொல்லுங்கள். கதவு உள்ள ஓர் அறையை, முன்பதிவு எதுவும் தேவையில்லாமல், அமைதியாக வேலை பார்க்க விடச் சொல்லுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று உங்கள் குழுவுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். குறுக்கீடு வந்தாலும் வேலை முடிந்துதானே விடுகிறது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். ஆமாம், முடியும். குளோரியா மார்க் என்கிற ஆய்வாளர் 2008-ல் இதைத்தான் பார்த்தார். குறுக்கீட்டுக்கு நடுவில் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் வேகமாகவே முடித்தார்கள். ஆனால் பதற்றம், எரிச்சல், நேரம் போதவில்லை என்கிற நெருக்கடி எல்லாம் அவர்களுக்கு ஏறியிருந்தது. அந்த ஓட்டத்துக்கான விலையை நீங்கள் சாயங்காலம் வீட்டில் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் இடத்தில் தினமும் ஏசி சண்டைதான். பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஆண்கள் இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். அதோடு மீட்டிங் அறைக்குள் போனாலே எல்லோருக்கும் கொட்டாவி. இதெல்லாம் வேலையைப் பாதிக்குமா, இல்லை நாங்கள்தான் சொகுசு கேட்கிறோமா?

பதில்: பாதிக்கும். 24 ஆய்வுகளைச் சேர்த்து வைத்து 2006-ல் கணக்குப் போட்டதில், ஆபீஸ் வேலைக்கு 22 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பநிலை நன்றாக இருந்தது. 30 டிகிரிக்குப் போனால் வேலைத்திறன் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் இது சராசரி. 2019-ல் பெர்லினில் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலையில் கணக்கும் வார்த்தைப் புதிரும் போட வைத்தார்கள். அறை சூடாக ஆக, பெண்கள் நன்றாகச் செய்தார்கள். ஆண்கள் கொஞ்சம் இறங்கினார்கள், ஆனால் பெண்களுக்குக் கிடைத்த ஏற்றம் அதைவிடப் பெரியது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆபீஸ் கட்டடங்களுக்கான வெப்பநிலைக் கணக்கு பல பத்தாண்டுகளாக, 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணின் உடம்பை வைத்துப் போடப்பட்டது. ஆகவே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொகுசு என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு டிகிரி ஏற்றி வைத்து, வேர்க்கிறவர்களுக்கு மேசை விசிறி வாங்கித் தருவது சுலபமான வழி.

கொட்டாவிக்குப் பேச்சின் நீளம் மட்டும் காரணமாக இருக்காது. வெளிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 400 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 400 பங்குக்கு, கொஞ்சம் மேலே இருக்கும். கதவை மூடிய சின்ன அறையில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். 2016-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை ஓர் ஆய்வுக்கூட ஆபீசில் ஆறு நாள் வேலை பார்க்க வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல காற்றோட்டம் இருந்த நாட்களில் யோசித்து முடிவெடுக்கும் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. 24 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்துப் பெரிதாக அளக்கக் கூடாது. ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

கேள்வி: புதிதாக வந்த மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்துவார். கூட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் ஒரு வேலை தப்போடு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது, பெரிய பிரச்சினை. எனக்கு அந்தத் தப்பு முன்னாடியே தெரியும். இன்னும் இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக நேர்மையாக வேலை பார்க்கிறவள் நான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஏனென்றால் நானும் அங்கே நின்றிருக்கிறேன். என் முதல் வேலையில் ஒரு சரக்குக் கணக்கில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். அன்று மாலையே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் தப்பு செய்தவரை நடுக்கூடத்தில் நிற்க வைத்துப் பேசுவது வழக்கம், அதை இரண்டு முறை பார்த்திருந்தேன். சொல்லவில்லை. ஒன்பது நாள் மறைத்தேன். அந்த ஒன்பது நாளும் அந்தத் தப்பின் மேல் இன்னும் பல கணக்குகள் ஏறிக்கொண்டே போயின. முதல் நாளே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் சரியாகியிருக்கும், கடைசியில் மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்தோம். நான் நேர்மையில்லாதவனாக அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இடம் எனக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது.

இதை ஆய்வாகவே செய்தவர் எமி எட்மண்ட்சன். 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கவனித்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். எண்ணிக்கையைப் பார்த்தால் தலைகீழ், நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தபோது விளங்கியது, அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, தைரியமாகச் சொல்லிவிடுகிறார்கள். மற்ற இடங்களில் தவறுகள் வெளியே வரவே இல்லை. வாயைத் திறந்தால் அடி விழாது என்கிற நம்பிக்கையை அவர் 1999-ல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். பிற்பாடு கூகுள் தன் குழுக்கள் 180-ஐ எடுத்து, சில குழுக்கள் மட்டும் ஏன் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தபோதும் முதலிடத்தில் வந்தது இந்த நம்பிக்கைதான். யார் யார் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கத்துவதால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு பயிற்சி நடத்தினார்கள், அதன் முடிவு 2015-ல் வெளிவந்தது. குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை மோசமாவது போல ஒத்திகை. சில குழுக்களிடம் மட்டும், பார்வையாளராக இருந்த வெளி நிபுணர் ஒருவர் கொஞ்சம் மட்டமாகப் பேசினார். கத்தல்கூட இல்லை, இளக்காரமான பேச்சு, அவ்வளவுதான். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் தவறின, செய்ய வேண்டியதைச் செய்வதிலும் தவறின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதே முக்கியக் காரணம். உங்கள் கூட்டத்தில் விழுந்திருக்கும் அமைதியும் அதுதான். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து சதி செய்யவில்லை, மூன்று பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறீர்கள்.

சரி, இனி என்ன செய்யலாம்? அந்தத் தப்பு தெரிந்த மூன்று பேரும் முதலில் உங்களுக்குள் பேசுங்கள். தனியாகச் சொன்னால் 'இவள் எதிர்க்கிறாள்' என்றாகும், மூன்று பேர் சொன்னால் அது தகவல். கூட்டத்தில் சொல்லாதீர்கள், நாலு பேர் முன்னால் குறை கேட்கும்போது அவருக்கும் கோபம்தான் முந்திக்கொள்ளும். கூட்டத்துக்கு முதல் நாள், தனியாக, எழுத்தில், 'இந்த இடத்தில் இது தவறு, இப்படி மாற்றலாம், இன்றைக்குள் செய்தால் போதும்' என்று மூன்று வரி. அவர் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் இரவு இருக்கும். இதற்கும் கத்துகிறார் என்றால் அவருக்கு மேலே போக வேண்டியதுதான், அதற்கும் உங்கள் கையில் அந்த மூன்று வரி எழுத்தாக இருக்கும்.

கடிதத்தின் ஒரு மூலையில், இரண்டு புதியவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு அந்த ஆபீசின் சூழல் என்றால் நீங்கள்தான். டொயோட்டா தொழிற்சாலைகளில் உற்பத்தி வரிசையின் தலைக்கு மேலே வெகுகாலம் ஒரு கயிறு இருந்தது, ஏதாவது தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், உதவி செய்வதற்கு. தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். உங்கள் மேசை அந்த இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கயிறாக இருக்கட்டும். உங்களை நீங்களே வெறுத்துக்கொள்வதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் அம்மா, உங்களால் முடியும்.

கேள்வி: வேலை ஆறு மணிக்கு முடிகிறது. ஆனால் மேலாளர் எட்டரை வரை இருக்கிறார், அதனால் யாரும் எழுந்திருப்பதில்லை. நான் கிளம்பினால் 'பொறுப்பில்லாதவன்' என்கிற பார்வை. அதிக நேரம் இருந்தால் அதிக வேலை நடக்கும் என்பது உண்மையா?

பதில்: ஓரளவு வரை உண்மை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நேரக் கணக்கையும் உற்பத்திக் கணக்கையும் ஜான் பென்கவெல் என்கிற பொருளாதார அறிஞர் 2014-ல் திரும்ப எடுத்துப் பார்த்தார். வாரம் 50 மணி நேரத்தை நெருங்கும் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் கூடுகிறது. அதற்கு மேல் வேகம் விழுகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததும் 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் 14 மணி நேரமும் வீண். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இல்லாவிட்டாலும் மொத்த உற்பத்தி அடி வாங்கியது. போர்க்காலம், நாட்டுக்காக என்று மனதாரத்தான் உழைத்தார்கள், ஆனாலும் உடம்பு கேட்கவில்லை.

உடம்பு பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். இதய நோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

உங்கள் மேலாளரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். யார் எவ்வளவு செய்தார்கள் என்று அளக்கத் தெரியாதபோது யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று அளப்பது சுலபம். எரின் ரீட் என்பவர் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் பார்த்து 2015-ல் எழுதினார்: வாரம் 80 மணி நேரம் உண்மையிலேயே உழைத்தவர்களையும், அப்படி உழைப்பது போலக் காட்டிக்கொண்டு நேரத்துக்குப் போனவர்களையும் மேலதிகாரிகளால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. அதனால் அளக்கும் வேலையை நீங்களே அவருக்குச் சுலபமாக்குங்கள். தினமும் கிளம்பும் முன் முடித்தது, மீதி இருப்பது, அது என்றைக்கு முடியும் என்று மூன்று வரி அனுப்பிவிட்டு ஆறு மணிக்கு எழுந்திருங்கள். முதல் வாரம் பார்வை இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்திருப்பார்.

கேள்வி: சின்ன நிறுவனம் நடத்துகிறேன். புது வண்ணம், நல்ல விளக்கு, செடிகள் வைத்தால் ஊழியர்கள் உற்சாகமாக வேலை செய்வார்கள் என்கிறார்களே?

பதில்: வையுங்கள், ஆனால் நீங்களாக முடிவு செய்து வைக்காதீர்கள். விளக்கை மாற்றினால் உற்பத்தி மாறுமா என்று சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-லேயே பரிசோதித்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே தொழிலாளர்கள் உழைத்தார்கள் என்று பாடப் புத்தகங்களில் வரும் கதை அதுதான். பழைய எண்களைத் தேடி எடுத்து 2011-ல் அலசியபோது கதையில் சொன்ன அளவுக்கு அந்த எண்கள் இல்லை என்று தெரிந்தது. ஆகவே அந்தக் கதையை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

உங்களுக்கு உதவக்கூடிய பரிசோதனை வேறு. கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹஸ்லம் இருவரும் 2010-ல் வெளியிட்டது. ஒன்றுமே இல்லாத மொட்டை அறை, நிர்வாகமே செடியும் படமும் வைத்த அறை, ஊழியரே தன் விருப்பப்படி அடுக்கிக்கொண்ட அறை என்று வேலை பார்க்க வைத்தார்கள். மொட்டை அறையைவிடச் செடி வைத்த அறையில் 17 சதவீதம் கூடுதல் வேலை நடந்தது. தானே அடுக்கிக்கொண்ட அறையில் 32 சதவீதம். அப்புறம் இன்னொன்றும் செய்தார்கள், சிலரை ஆசையாக அடுக்க விட்டுவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே அதைக் கலைத்து மாற்றினார்கள். கிடைத்த பலன் போயே போய்விட்டது. அதனால் பணத்தை ஊழியர்கள் கையில் கொடுங்கள், அவர்களே வாங்கி வைக்கட்டும். வைத்ததை மாற்றாதீர்கள், உங்களுக்குப் பிடிக்காத நிறமாக இருந்தாலும்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும் மென்பொருள் போட்டிருக்கிறார்கள். இது தேவையா?

பதில்: தேவையில்லை என்பது என் கருத்து. யோசிக்கிறவர் திரையில் எதுவும் அசையாது, படிக்கிறவர் விசைப்பலகையைத் தொட மாட்டார். அதை எண்ணத் தொடங்கினால் ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு மவுஸை அசைத்துக்கொண்டிருப்பார்கள். சீனாவில் ஒரு பெரிய பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஒன்பது மாதம் நடத்திய சோதனையில், வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகமாகச் செய்தார்கள். பெரும்பகுதி, இடைவேளையும் விடுப்பும் குறைந்ததால். மீதி, வீட்டில் அமைதியாக இருந்ததால் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளை எடுத்ததால். எத்தனை அழைப்பு முடிந்தது என்று எண்ணினாலே அங்கே போதுமாக இருந்தது. உங்கள் வேலைக்கும் அப்படி எண்ணக்கூடிய ஒன்று இருக்கும், அதை நீங்களே முன்வைத்துப் பேசுங்கள். ஆனால் தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பிப் போனவர்களும் அந்தச் சோதனையில் உண்டு, உங்களுக்கும் அப்படித் தோன்றினால் வாரத்தில் சில நாள் போய் வாருங்கள்.

கேள்வி: நீங்கள் எப்போதும் மேசை நாற்காலி உள்ளவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் துணிக்கடையில் விற்பனைப் பெண். பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. எங்களுக்குச் சூழல் கிடையாதா?

பதில்: உங்கள் கடிதம் சரியான இடத்தில் குத்தியது. மன்னித்துக்கொள்ளம்மா. மேலே நான் எழுதிய காற்று, சத்தம், பயம் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது உங்கள் நாற்காலி.

நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். வீக்கம், இடுப்பு வலி, நாளடைவில் காலில் ரத்தக் குழாய் புடைப்பது எல்லாம் அதனால் வருகிறவை. கால் வலிக்கிறவர் வாடிக்கையாளர் முன்னால் எவ்வளவு நேரம் சிரித்த முகமாக நிற்க முடியும்? மாலையில் விற்பனை மந்தம் என்று முதலாளி உங்களைச் சொல்கிறார் என்றால், பாதிக் காரணம் அவர் போட்ட விதிதான். நீங்கள் கேட்பது சலுகையும் இல்லை. கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்ப்பவர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1964-ல் கொண்டுவந்த 120-வது உடன்படிக்கை, தகுந்த இருக்கைகள் போதிய அளவு கொடுக்க வேண்டும், அவற்றில் உட்கார நியாயமான வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்று 14-வது பிரிவில் சொல்கிறது. இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். நாற்காலியை ஒரு மூலையில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது என்று சொல்வது நடக்கும் என்று தெரிந்துதான் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் தளத்தில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். இரண்டு பேருக்கு ஓர் உயரமான முக்காலி, ஆள் வரும்போது எழுந்துகொள்கிறோம், இல்லாதபோது மாறி மாறி உட்காருகிறோம், ஒரு மாதம் பார்த்துவிட்டு விற்பனைக் கணக்கை நீங்களே பாருங்கள் என்று சொல்லுங்கள். அதுவரை, நிற்கும்போது ஒரு காலைச் சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள், தட்டையான செருப்பு போடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை துணி அடுக்குகிற சாக்கிலாவது நாலடி நடங்கள். வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சூடாக வலித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முக்காலி வந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள்.